பச்சை முத்திரை

“எனக்கு மட்டும் ஏன் கடிதமே வர மாட்டேங்குது அக்கா?” ஏழு வயதில் ரெபேக்காள் தபால் நிலையக் கவுண்டரில் கேட்டாள். மறுநாள் அவள் பெயருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘உனக்கும் கடிதம் வந்தாச்சு.’ அனுப்பியவர் பெயர் இல்லை. கவுண்டரில் இருந்த ஞானசெல்வம் அக்காவின் கையெழுத்து அது என்று பின்னாளில்தான் கண்டுகொண்டாள்.

இன்று அதே கவுண்டரில் ரெபேக்காள் வேலைக்கு இருக்கிறாள். அந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்தை இன்னும் மூடாததற்கு ஒரே காரணம், கடிதத்தை எழுதியது மனிதரா இயந்திரமா என்று சோதித்து முத்திரை குத்தும் வேலைதான். மனிதருக்குப் பச்சை, இயந்திரத்துக்குச் சிவப்பு.

“என் மகன் கடிதம் வந்துடுச்சாடி? கை வலிக்க எழுதுவான் பாவம்,” என்றாள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட ஞானசெல்வம், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி.

கடிதம் வந்திருந்தது. உறை மேல் அச்சு அசலாக மகனின் கையெழுத்து. ஆனால் சோதனைக் கருவியின் விளக்கு சிவப்பாக எரிந்தது. ரெபேக்காள் மூன்று முறை வைத்துப் பார்த்தாள். பச்சையைக் குத்திவிடக் கை துடித்தது. பொய் சொல்ல மனசாட்சி விடவில்லை. ஆண்டவரே என்று சிவப்பைக் குத்தி நீட்டினாள்.

ஞானசெல்வம் முத்திரையையே பார்த்தாள். “மெஷினுக்காவது என் ஞாபகம் இருக்கே,” என்று சிரிக்கப் பார்த்தாள். உறையைப் பிரிக்காமலே போனாள்.

மாலையில் எல்லோரும் போன பிறகு, ரெபேக்காள் ஓர் அட்டையில் எழுதினாள்: ‘உங்களுக்கும் கடிதம் வந்தாச்சு.’ அனுப்புநர் இடத்தை வெறுமையாக விட்டு, சோதனைக்கு வைத்தாள்.

பச்சை எரிந்தது.