கையெழுத்து இல்லாத டெண்டர்

வக்கீல் தேவபிரசாதம் ஜன்னல் வழியாகவே அதட்டினார். “டெண்டர் போட்டவங்க இந்தப் படி ஏறக் கூடாதுன்னு சொன்னேன்லா?”

வெளியே, டெண்டர் போட்ட ஒரு காண்ட்ராக்டரின் மனைவி ஜெபசெல்வி தூக்குவாளியோடு நின்றாள். புது ஹார்பருக்குக் கல் கொட்டும் டெண்டர்களைச் சட்டப்படி சரிபார்ப்பது தேவபிரசாதத்தின் வேலை. அந்த வேலை வந்ததிலிருந்து வீட்டுக்குள் அவர் யாரையும் சேர்ப்பதில்லை. ஒத்தையில் ஹோட்டல் சோறுதான்.

“எங்க டெண்டரைத்தான் நேத்தே தள்ளிட்டியளே.”

“கையெழுத்தே இல்லாததைத் தள்ளாம? உன் வீட்டுக்காரர் மறந்தா நான் என்ன செய்ய?”

“அவர் மறக்கல, நான்தான் போட விடல. டெண்டர் தள்ளுபடியாகாம நின்னா நீங்க கதவத் திறக்க மாட்டியளே!”

தேவபிரசாதம் தூக்குவாளியைப் பார்த்தார்.

“அம்மா இருந்திருந்தா பெத்த மகளை இப்படி வாசல்ல நிக்க விட்டிருப்பாளா? சாளைமீன் குழம்பு ஆறுது, திறங்கப்பா.”