கொட்டை எழுத்து

வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். தலைப்பு, ‘என் டிசைன் கொள்கை’.

ஐந்து டிசைனர்கள் வேலை பார்க்கும் அலுவலகம் அது. விசிட்டிங் கார்டு, மருந்துப் பெட்டி, அழைப்பிதழ் என்று எது வந்தாலும் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவார்கள். வாடிக்கையாளர்கள் வந்து உட்காரும் அறையில் ஒரு சுவர் காலியாக இருந்தது. ஐந்து பேரின் கொள்கையையும் ஃபிரேம் போட்டு மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

‘வெற்றிடமே என் மொழி’ என்று ஒருத்தி எழுதினாள். ‘நான் நிறங்களோடு பேசுகிறேன்’ என்று ஒருவர் எழுதினார். அவர் மனிதர்களோடு பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. இன்னும் இருவர் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாமவர் மட்டும் பேனாவைத் தொடவில்லை. அவருக்கு அலுவலகத்தில் ‘கொட்டை எழுத்து’ என்று பெயர். பத்து வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவர்தான். ஆறு மாதமாக எதைச் செய்தாலும் எழுத்தைப் பெரிதாக வைத்துவிடுகிறார். அவர் செய்த விசிட்டிங் கார்டில் பெயரும் போன் நம்பரும் போட்ட பிறகு மூச்சுவிட இடமிருக்காது. ஒரு பல் டாக்டர் கார்டைத் திருப்பியே அனுப்பிவிட்டார். இதைச் சட்டைப் பையில் வைப்பதா, வாசலில் மாட்டுவதா என்று கேட்டிருந்தார்.

முதலாளியம்மா இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். சரிம்மா என்று தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த வேலையிலும் அதையே செய்தார். திமிர் என்று மற்ற நால்வரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.

“பெரிய எழுத்துக்கு ஏதாவது காரணம் இருந்தா அந்தப் பக்கத்துல எழுதுங்க. இல்லேன்னா திங்கக்கிழமையிலிருந்து வேற இடம் பாத்துக்குங்க.”

அதற்கும் சரிம்மா என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஐந்து பக்கங்களும் வந்து சேர்ந்தன. சுவரில் ஏறும் முன் பிழை பார்க்க வேண்டும். பின்னறையில் புரூஃப் பார்க்கும் பெரியவரின் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு தாளும் வெளியே போகாது. முதலாளியம்மாவின் அப்பா காலத்திலிருந்து இருபத்திரண்டு வருட வழக்கம். வாடிக்கையாளர் வரும் அவசரம், முதலாளியம்மா தானே எடுத்துக்கொண்டு போனார்.

நிறங்களோடு பேசுகிறவரின் பக்கத்தைப் பெரியவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். தாளை மூக்கருகில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“சுத்தமா இருக்கும்மா.”

முதலாளியம்மா வாங்கிப் பார்த்தார். மூன்றாவது வரியில் ‘அழகே என் கொள்ளை’ என்று இருந்தது.

அந்தத் தாளை ஓரமாக வைத்தார். கொட்டை எழுத்தின் பக்கத்தை நீட்டினார். பெரியவர் நாற்காலியில் சாய்ந்தபடியே அதை எட்டப் பிடித்து, ஒரு புள்ளி விட்டுப்போன இடத்தை ஒரே பார்வையில் சுழித்தார். அதில் மொத்தமே இரண்டு வரி. வாய்விட்டுப் படித்தார்.

“முதலில் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அழகு அப்புறம்.”

எல்லாரும் சொல்கிறதுதான், புதிதாக ஒன்றுமில்லை என்று அபிப்பிராயமும் சொன்னார்.

முதலாளியம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நம்ம ஆபீஸ்ல எதையும் முதல்ல படிக்கிறது யாரு?”

“நான்தாம்மா.”

சொன்ன பிறகுதான் பெரியவர் தாளைக் கீழே வைத்தார். இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்க இன்னும் நாலு மாதம் ஆகும் என்று கேட்காமலே சொன்னார். வேலைக்குப் பயந்து இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

முதலாளியம்மா முன்னறைக்கு வந்து கொட்டை எழுத்தைத் தனியாகக் கூப்பிட்டார். பெரியவர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார்.

“இல்லம்மா. ஆறு மாசம் முன்னாடி என் கார்டு ஒண்ணுல போன் நம்பர் தப்பு. அவர் கையெழுத்துப் போட்டுட்டார். அன்னிக்குத்தான் புரிஞ்சுது. மத்தவங்க வேலையை அவர் பாத்த பிறகு நானும் ஒரு தடவை பாத்துடுவேன். என்னோடதையாவது அவரே பாக்கட்டும்னு...”

பிழை பார்க்கும் புரூஃப் தாளை மட்டும் பெரிதாக எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்றார் முதலாளியம்மா. கார்டையே பெரிய எழுத்தில் செய்வானேன்?

“புரூஃபை மட்டும் பெருசா எடுத்தா ஏன்னு கேட்டிருப்பீங்க.”

கேட்டிருப்பார். பதில் கிடைத்திருந்தால் பெரியவரை என்ன செய்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரிந்தது. பல் டாக்டர் கார்டைத் திங்கட்கிழமை சின்ன எழுத்தில் செய்து கொடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் எல்லாரையும் நிற்க வைத்துப் புது விதி ஒன்றைச் சொன்னார். கார்டு கார்டு மாதிரியே இருக்கட்டும். ஆனால் இனிமேல் யார் வேலையானாலும் புரூஃபை நாலு மடங்கு பெரிதாகத்தான் எடுக்க வேண்டும்.

எதற்கு என்று யாரோ கேட்டார்கள்.

“வயசாகுது இல்லையா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல” என்றார், முப்பத்து நான்கு வயது முதலாளியம்மா.