பிளக் பிடுங்கிய பெட்டி

இந்தக் காலத்தில் மனிதன் படுத்துக் கிடந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, கம்ப்யூட்டர் சூடானால் மட்டும் ஆள் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கிழவருக்கு எரிச்சல். போன மாதம் காய்ச்சலில் போய்ச்சேர்ந்த மகனின் கம்ப்யூட்டர் அது. அணைத்த பிறகும் சுடுகிறது என்று மருமகள்தான் மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள்.

மெக்கானிக் தூசி தட்டி, பிராசஸருக்குச் சூடு தணிக்கும் புதுப் பசை தடவினார். அணைத்தாலும் அரைத்தூக்கத்தில் கிடக்கும்படி இருந்த செட்டிங்கை மாற்றினார். கடைசியில் பிளக்கையே பிடுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானியை வைத்தார். முப்பத்தொன்பது டிகிரி செல்சியஸ். சற்று நேரத்தில் நாற்பது.

"கரண்டே இல்லாம எப்படிங்க ஏறும்?" என்றார் மெக்கானிக்.

"உன் கருவிதான் கோளாறு. முதல்ல அதுக்கு வைத்தியம் பாரு" என்றார் கிழவர்.

"அவருக்குக் காய்ச்சல் ஏறின அன்னைக்கும் தெர்மாமீட்டர் கோளாறுன்னுதான் சொன்னீங்க மாமா" என்றாள் மருமகள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவே விடல."

கிழவர் புறங்கையைப் பெட்டியின்மேல் வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். அவள் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, நான்காய் மடித்து அதன்மேல் போட்டாள்.

"தானா தணிஞ்சிடும்." அன்று சொன்னதையே சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார் கிழவர். பின்னால் மெக்கானிக் நாற்பத்தொன்று என்று சொன்னது காதில் விழுந்தது. அவர் நம்பவில்லை.