எங்கேஜ்டு

உத்திரமேரூர் ஜவுளிக்கடையிலிருந்து சுரையா மறுபடியும் வீட்டுக்குப் போன் போட்டாள். எங்கேஜ்டு. சிரித்தாள்.

"இன்னாக்கா சிரிக்கிற? காலைல பொண்ணுக்கு ஜொரம்னு அழுதியே!" என்றாள் கூட வேலை செய்யும் ஆதிலட்சுமி.

"முதலாளி லீவு தரல, தனியா வுட்டுட்டு வந்தேன். இப்ப கவலையில்ல. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே ஒயருதான். இன்டர்நெட் ஓடினா போன் எங்கேஜ்டாத்தான் இருக்கும். சனோபர் எழுந்து இன்டர்நெட்டுல பாடம் படிச்சிக்கினு கீறா."

"அட, இதுல இம்மாம் விஷயம் இருக்குதா!"

சாயங்காலம்வரை அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் எங்கேஜ்டு. ஒவ்வொரு முறையும் நிம்மதி.

வீட்டில் கம்ப்யூட்டர் உறை போட்டபடியே இருந்தது. போன் மேஜையடியில் சனோபர் நினைவில்லாமல் கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மாவைக் கூப்பிட எடுத்த ரிசீவர் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.