கோணல் பல்

பல் செட் செய்து கொடுப்பது என் தொழில். கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம், செத்துப்போன அப்பாவின் பெயரில் யாரோ முகநூலில் எனக்கு நட்பு அழைப்பு அனுப்பியிருந்தார். படம் இல்லை.

"இதே பேர்ல ஏகப்பட்ட பேர் இருக்காங்க. ஒருத்தர் கோழிப்பண்ணை வச்சிருக்கார், ஒருத்தர் நாய்க்கு முடி வெட்டுறார்," என்று சாப்பாடு கொண்டுவந்த மனைவி தேடிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன்.

உடனே செய்தி வந்தது. எனக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறதாம். இன்றைக்கே முன்பணம் கட்ட வேண்டுமாம்.

"முதல்ல உங்க மூஞ்சியக் காட்டுங்க சார்," என்று எழுதினேன். இந்த ஆட்கள் அதோடு ஓடிவிடுவார்கள்.

படம் வந்தது. முகம் இருட்டில் இருந்தது, சிரிப்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் லேசாகக் கோணியிருந்தது. "எல்லாம் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்டா," என்று அப்பா கேட்டுக்கொண்டதால், அதை அப்படி வைத்தவன் நான்தான். புதைப்பதற்கு முன் அந்த செட்டை அவர் வாயில் பொருத்தியவனும் நான்தான்.

மனைவி போனைப் பிடுங்கி, "யாருய்யா நீ?" என்று தட்டினாள்.

எதிர்ப்பக்கம் வெகுநேரம் எழுதிக்கொண்டே இருந்தது.

"பரிசு கெடக்கட்டும்டா. ஈறு வத்திப்போச்சு, செட்டு நிக்க மாட்டேங்குது. கடை எத்தனை மணி வரைக்கும்?"