ஏழு எண்ணும்வரை

அமெரிக்காவின் வடகோடியில், டூலூத் நகரின் ஜனவரிக் காலை. வீட்டைச் சூடாக்கும் உலை விடியும்போதே நின்றுவிட்டது. இனி தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்க அதிக நேரம் ஆகாது. நிலவறையில் ஆரின் உலையின் மூடியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருக்கிறான். அவன் மனைவி வெர்னா மேல்கோட்டோடு டார்ச் பிடித்து நிற்கிறாள். நேற்றுச் சண்டையில் அவள் கட்டிய பெட்டி மேலே வாசலருகே இருக்கிறது. நீலத் தீ குப்பென்று பற்றுகிறது. அவள் வாய்க்குள் எண்ணுகிறாள். ஏழில் அணைந்துவிடுகிறது. மறுபடி பற்றுகிறது, மறுபடி ஏழு. "நல்லாத்தானே எரியுது?" என்கிறாள். ஆரின் தீ எரியும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் காட்டுகிறான். "எரியுதுன்னு இந்தக் கம்பிக்குத் தெரியணுமே. அழுக்கு படிஞ்சா தீக்குள்ளயே நின்னாலும் இதுக்கு உறைக்காது. கேஸை நிறுத்திடும்." "ரெண்டு வருஷமா துடைக்கச் சொல்றேன், உனக்கு உறைச்சுதா?" ஆரின் அதன் திருகைக் கழற்றுகிறான். விரல் நீளக் கம்பியை எஃகு நாரால் தேய்க்கிறான், அது மினுங்கும்வரை. திரும்பப் பொருத்துகிறான். தீ பற்றுகிறது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மேலே அறைகளில் வெதுவெதுப்பான காற்று கிளம்பும் ஓசை. அவன் மூடியை மாட்டிவிட்டு, அவள் முகத்தைப் பாராமல், "டார்ச்சை அணைச்சிடு. பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடவா?" என்கிறான். டார்ச் அணையவில்லை. வெளிச்சம் உலையை விட்டு நகர்ந்து, குளிரில் வெடித்த அவன் விரல்களில் வந்து நிற்கிறது. "இரு," என்கிறாள் வெர்னா. "இன்னும் எண்ணிக்கிட்டிருக்கேன்."