புரத வரிசை

எடை இயந்திரத்தின் மீது நெட்டை ஏறி நின்றாள். நான் அவளுடைய தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதங்களாக அந்தத் தோள்களைத்தான் பார்த்துவருகிறேன்.

எங்கள் பளுதூக்கும் கூடத்திலிருந்து ஓர் எடைப் பிரிவுக்கு ஒருத்திதான் போட்டிக்குப் போக முடியும். நாற்பத்தெட்டு கிலோவைத் தாண்டாதவர்களுக்கான பிரிவில் நானும் நெட்டையும் என இருவர். இருவரும் தூக்குவது ஏறக்குறைய ஒரே அளவு. யார் போவது என்று பயிற்சியாளர் எழுதித் தரும் படிவம் இன்று தேர்வுக் குழுவின் கைக்குப் போகிறது.

பயிற்சியாளர் என் அத்தை, அப்பாவின் தங்கை. கூடத்துக்குள் 'மாஸ்டர்' என்றுதான் அழைக்க வேண்டும். வாய் தவறி 'அத்தை' என்றால் இருபது தண்டால்.

நான் தங்கியிருப்பதும் அத்தை வீட்டில்தான். தினமும் காலையில் அத்தை முட்டைகளை அவித்து, உரித்து, ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களில் மும்மூன்றாக வைப்பார். சிவப்பு மூடி எனக்கு. நீல மூடி நெட்டைக்கு.

ஏன் உரித்து வைக்க வேண்டும்?

சந்தேகம் அந்தக் கேள்வியில்தான் முளைத்தது. ஓடு போய்விட்டால் எந்த முட்டைக்கும் ஊர் பேர் இல்லை.

குப்பைக்கூடையைக் கிளறினேன். மேலே பழுப்பு ஓடுகள்: கோழி. அடியில், செய்தித்தாளில் பொதிந்த வெளிர்பச்சை ஓடுகள்; தடித்தவை, நகத்துக்கு எளிதில் மசியாதவை. வாத்து. பொதிந்தது நாற்றம் வெளியே வராமலிருக்கவா, உண்மை வெளியே வராமலிருக்கவா?

பிறகு நீல மூடியைத் திறந்து பார்த்தேன். என் முட்டையின் வெண்கரு பால்வெள்ளையாக இருந்தது. அவளுடையதில் மெல்லிய கண்ணாடிச் சாயல். அழுத்தினால் ரப்பர்போல் எதிர்த்தது. சமையலறைத் தராசில் அவளுடையது எழுபது கிராம், என்னுடையது ஐம்பது.

கூடத்துச் சுவரில் உணவு அட்டவணை ஒன்று தொங்குகிறது. கலோரி, கொழுப்பு, புரதம் என்று வரிசை வரிசையாக எண்கள். நான் புரத வரிசையில் விரல் வைத்து வாசித்தேன். கோழி முட்டை ஒன்றில் ஆறு கிராம். வாத்து முட்டை ஒன்றில் ஒன்பது. அதற்குமேல் வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. நாளொன்றுக்கு ஒன்பது கிராம் புரதத்தை என் சொந்த அத்தை யாரோ ஒருத்திக்குக் கூடுதலாக ஊட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் ஏன் அத்தை சின்ன முட்டை?" வீட்டில் வைத்துத்தான் கேட்டேன்.

"முட்டையில என்னடி பெருசு, சின்னது? போட்டதைத் தின்னுட்டுக் கிளம்பு."

நேரான கேள்விக்குக் கோணலாகப் பதில் சொல்பவர் எதையோ மறைக்கிறார். அப்படித்தான் முடிவுகட்டினேன்.

டப்பாக்களைச் சைக்கிளில் கூடத்துக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. மறுநாள் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, மூடிகளை மட்டும் மாற்றிப் போட்டேன். முட்டைகளைத் தொடக்கூட இல்லை. அன்றிலிருந்து முப்பத்தைந்து நாள்கள், ஒரு நாள் தவறாமல்.

நெட்டைக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை என் டப்பாவை எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் முட்டை மட்டும் இப்படிக் கொழுத்திருக்கு? மாஸ்டருக்குச் சொந்தக்காரின்னா முட்டைகூட வீங்குமோ?"

"போடி கூமுட்டை," என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

இடையில் எடை இயந்திரம் தரச் சோதனைக்குப் போய்விட்டது. ஒரு மாதத்துக்கும் மேலாக யாரும் எடை பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது நாங்கள் இருவருமே நாற்பத்தேழரை. இன்று காலைதான் இயந்திரம் திரும்பியது. கூடவே தேர்வுக் குழு அலுவலரும் வந்தார். எடை ஒரே ஒரு முறைதான். எண்ணைப் பதிந்துவிட்டால் மாற்றமில்லை.

"நாற்பத்தேழு கிலோ எண்ணூறு," என்றார் அலுவலர்.

நெட்டை இறங்கினாள். அத்தையின் புருவம் சுருங்கியது. தன் செல்லப்பிள்ளைக்குத் தசை ஏறவில்லையே என்ற கவலை அது என்று நான் வாசித்துக்கொண்டேன். உள்ளுக்குள் குளிர்ந்தது.

நான் ஏறினேன். எண்கள் ஓடி நின்றன.

"நாற்பத்தெட்டு முந்நூறு." அலுவலர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். "நாற்பத்தெட்டுக்கு இவங்க கிடையாது, மேடம்."

அத்தை கோப்பிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் எழுத இனி எதுவும் மிச்சமில்லை. கீழே இருந்த தேதி இரண்டு மாதங்களுக்கு முந்தையது.

நாற்பத்தெட்டுக்கு நேரே என் பெயர் இருந்தது.

நெட்டையின் பெயர் ஐம்பத்து மூன்றுக்கு நேரே இருந்தது. பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: உயரம் இருக்கிறது, எடை ஏற்ற வேண்டும்.

அத்தை பேனாவைத் திறந்து என் பெயரை அடித்தார். அடித்துவிட்டு நெட்டையிடம் திரும்பினார்.

"தினமும் மூணு முட்டையும் தின்னியா? பொய் சொல்லாம சொல்லு."

"சத்தியமா தின்னேன் மாஸ்டர். ஒண்ணுகூட விடலை."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு சொல்லையும் நம்பாத பார்வை.

அது என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.